தூரப் பயணமும் சீனி வருத்தமும்: 66ஆம் வீதியில் நாங்கள் படித்த பாடம்

"இந்த வயதில் உங்களுக்கு மோட்டார் சைக்கிள் தேவைதானா?" 2024 செப்ரெம்பரில் நாங்கள் இருவரும் ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டபோது பிள்ளைகள் முதல் அயலவர் வரை எல்லோரும் கேட்ட கேள்வி இது. ஐம்பதைத் தாண்டிய தம்பதிகள் நாங்கள். ஒருவர் குடும்ப வைத்தியர், மற்றவர் கணக்காளர். வைத்தியர் வண்டி ஓட்ட, கணக்காளர் பின்னால் இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய தலைமுறை எங்களுடையது. அகதி விண்ணப்பம், மறுபடியும் பரீட்சைகள், பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று முப்பது வருடங்கள் ஓடிவிட்டன. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன பிறகுதான் பழைய ஆசை திரும்பவும் தலைகாட்டியது.

நாங்கள் தெரிவு செய்தது அமெரிக்காவின் புகழ்பெற்ற 66ஆம் வீதி. 1926இல் உருவான இது சிக்காகோவிலிருந்து கலிபோர்னியாவின் சான்ரா மொனிக்கா வரை எட்டு மாநிலங்களூடாக ஏறத்தாழ 3,900 கிலோமீற்றர் நீளம். பெரிய நெடுஞ்சாலைகள் வந்தபின் 1985இல் அரசு இதை வீதிப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. ஆனாலும் சின்னஞ்சிறு ஊர்கள் இதைக் கைவிடவில்லை. அரிசோனாவின் செலிக்மன் ஊரை 1978இல் புதிய நெடுஞ்சாலை விலத்திப் போனது. ஊரவர்கள் மனம் தளரவில்லை. முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடிலோவும் வேறு சிலரும் 1987இல் ஒரு சங்கம் அமைத்துப் பழைய வீதிக்கு மறுவாழ்வு தேடிக் கொடுத்தார்கள். சங்கம் நடத்தும் எங்களுக்கு இது நல்ல முன்மாதிரி!

இனி உடல்நலத்துக்கு வருவோம்.

தலைக்கவசம்

ஒன்ராறியோவில் தலைக்கவசம் கட்டாயம். ஆனால் இந்த எட்டு மாநிலங்களில் கலிபோர்னியா மட்டுமே எல்லா வயதினருக்கும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இல்லினோயில் யாருக்குமே கட்டாயமில்லை. வெறுந்தலையுடன் காற்று வாங்கிக்கொண்டு போகும் தம்பதிகளை வழியெல்லாம் கண்டோம். அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் துறையின் கணிப்பின்படி தலைக்கவசம் விபத்து மரணத்தை ஓட்டுபவருக்கு 37 வீதமும் பின்னால் இருப்பவருக்கு 41 வீதமும் குறைக்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் உங்கள் மண்டையோடு கேட்கும்.

அரிசோனாவில் நடந்தது

எங்களில் வண்டி ஓட்டியவருக்கு நீரிழிவு. கிளிக்கிளசைட் என்ற மாத்திரை எடுப்பவர். செலிக்மனில் மதியம் உணவகத்தில் கூட்டம். "கிங்மனில் போய்ச் சாப்பிடலாம்" என்று புறப்பட்டோம். பழைய வீதியில் அது ஏறத்தாழ 140 கிலோமீற்றர். கடும் வெயில்.

தலைக்கவசத்துக்குள் பேச்சுக் கேட்காது என்பதால் சிக்காகோவிலேயே ஒரு உடன்பாடு செய்திருந்தோம். பின்னால் இருப்பவர் தோளில் இரண்டு தரம் தட்டினால், காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். பீச் ஸ்பிறிங்ஸ் தாண்டியதும் வண்டி மெல்ல மெல்ல நடுக்கோட்டை நோக்கிச் சரிவதைப் பின்னால் இருந்தவர் கண்டார். தட்டினார். வைத்தியர் நிறுத்தவில்லை! "ஒன்றுமில்லை, வெயில்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு கிலோமீற்றர் ஓட்டினார். அடுத்த தட்டு தட்டல்ல, குத்து. அதற்குப் பிறகுதான் வண்டி ஓரம் கட்டப்பட்டது. சீனியைப் பரிசோதித்தோம்: 3.1. எதிரே ஒரு பாரவண்டி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஏன் தெரியவில்லை? சீனி குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும் என்று நோயாளர்களுக்கு நாள்தோறும் சொல்கிறோம். மோட்டார் சைக்கிளில் வியர்வையைக் காற்று உலர்த்திவிடுகிறது. இயந்திர அதிர்வில் கைநடுக்கம் தெரிவதில்லை. படபடப்பும் எரிச்சலும் வெயிலின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அத்துடன், மூளைக்குச் சீனி குறையும்போது "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதும் அதே மூளைதான். ஆகவே அருகில் இருப்பவரின் கண்ணே சிறந்த பரிசோதனை.

செய்ய வேண்டியவை

காரிலோ வானிலோ தூரம் போகிறவர்களுக்கும் இவை பொருந்தும்.

இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் புறப்படுமுன் சீனி பார்க்க வேண்டும். பெற்றோல் அடிக்க நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் திரும்பப் பாருங்கள். 4க்குக் கீழே என்றால் ஓட்டக் கூடாது. 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 5க்கு மேல் வந்த பின்னும் குறைந்தது 40 நிமிடம் ஓய்வெடுங்கள். இலக்கம் சரியானாலும் மூளை தெளியச் சற்று நேரம் எடுக்கும். குளுக்கோஸ் சட்டைப் பையில் இருக்கட்டும், பின்பெட்டியில் அல்ல.

சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள். வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் காற்று உடலைக் குளிர்விக்காது, சூடாக்கும். மேலங்கிக்குள் ஈரத்துணி அணிவது உதவும். இன்சுலினை வெயிலில் காயும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

சிற்றூர்களில் வைத்தியசாலை கூப்பிடு தூரத்தில் இல்லை. பல ஊர்களுக்கு 25 கட்டில்களுக்கு மேற்படாத சிறு வைத்தியசாலையே கதி. 2010க்குப் பின் அமெரிக்கக் கிராமப்புறங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வைத்தியசாலைகள் மூடப்பட்டுவிட்டன. அங்கு அவசர சிகிச்சைக்கு நம் ஓஹிப் தருவது தங்கிச் சிகிச்சை பெற்றால் நாளொன்றுக்கு 400 டொலர் வரை, வெளிநோயாளருக்கு 50 டொலர் வரை மட்டுமே. பயணக் காப்புறுதி எடுங்கள். மோட்டார் சைக்கிளும் ஏற்கெனவே உள்ள நோய்களும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கடைசியாக ஒன்று. "ஓட்டும்போது சீனி குறைந்ததா?" என்று கேட்டால் நம்மவர் பலர் சாரதி அனுமதிப்பத்திரம் போய்விடும் என்ற பயத்தில் "இல்லை" என்பார்கள். வைத்தியரான எங்களுக்கும் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பி வந்ததும் எங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். மாத்திரை மாற்றப்பட்டது, வண்டி ஓட்டம் தொடர்கிறது. மறைக்காமல் சொல்லுங்கள். அருகில் இருப்பவர் "நிறுத்துங்கோ" என்றால், காரணம் கேட்காமல் நிறுத்துங்கள்.