நகையை அடகு வைக்கும் முன் இந்த 4 புத்தகங்கள்... பிசினஸ் கனவு உள்ளவர்களுக்கு ஒரு வாசிப்புப் பட்டியல்!

சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஆசை பலருக்கும் உண்டு. அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடித்து, போர்டு மாட்டி, திறப்பு விழாவும் நடத்திவிடலாம். ஆறாவது மாதம் வாடகைக்குப் பணம் இல்லாதபோதுதான் நிஜமான பாடம் ஆரம்பிக்கும். அந்தப் பாடத்தை வீட்டு நகையை அடகு வைத்துக் கற்பதைவிட, ஒரு புத்தகத்தில் கற்றுக்கொள்வது மலிவு. அப்படியான 4 ஆங்கிலப் புத்தகங்கள் இதோ.

1. ஷூ டாக் - ஃபில் நைட்

'நைக்கி' நிறுவனர் 2016-ல் வெளியிட்ட சுயசரிதை. 24 வயதில் ஜப்பானுக்குப் போய், ஒனிட்சுகா நிறுவன ஷூக்களை அமெரிக்காவில் விற்க அனுமதி வாங்கினார் நைட். 1964-ல் அவரும் பயிற்சியாளர் பில் போவர்மேனும் தலா 500 டாலர் போட்டுத் தொழிலைத் தொடங்கினார்கள். கணக்காளர் வேலையையும் விடாமல், கார் டிக்கியில் ஷூக்களை வைத்து விற்றார்.

விற்பனை வருடா வருடம் எகிறியது. ஆனால், கையில் காசு இல்லை! வந்ததெல்லாம் அடுத்த ஆர்டருக்கே போனது. 1975-ல் வங்கியே கைவிட்டது. ஜப்பானிய வர்த்தக நிறுவனமான நிஷோ இவாய் கடனை அடைத்ததால்தான் தப்பித்தார். 'வியாபாரம் நன்றாக நடக்கிறது' என்பதும் 'கையில் பணம் இருக்கிறது' என்பதும் வேறு வேறு. இதைப் புரிந்துகொள்ளவே இந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்.

2. தி கோல் - எலியாஹு கோல்ட்ராட்

1984-ல் வந்த இந்த நிர்வாகப் புத்தகம் ஒரு நாவல். 3 மாதங்களில் ஆலையைச் சரிசெய்யாவிட்டால் மூடிவிடுவோம் என மேலிடம் கெடு வைக்கிறது. மேலாளர் அலெக்ஸுக்கு விடை கிடைப்பது, மகனோடு போகும் ஒரு மலைநடையில். வரிசையில் மெதுவாக நடக்கும் ஹெர்பி என்ற சிறுவனின் வேகம்தான் மொத்தக் குழுவின் வேகம். அவன் பைச் சுமையை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டதும் எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள்.

நம்ம ஊர் டிபன் கடைக்கும் இது பொருந்தும். இட்லிக் கொப்பரை ஒன்றே ஒன்று இருக்கும்போது, பெரிய கிரைண்டர் வாங்கி என்ன பயன்? உங்கள் கடையின் 'ஹெர்பி' யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

3. பிசினஸ் அட்வென்ச்சர்ஸ் - ஜான் ப்ரூக்ஸ்

பில் கேட்ஸுக்கு வாரன் பஃபெட் சிபாரிசு செய்த, 1969-ல் வெளியான புத்தகம். மொத்தம் 12 கட்டுரைகள். ஃபோர்டு நிறுவனத்தின் 'எட்செல்' கார் கதை இதில் முக்கியமானது. பெயர் தேடவே பெரிய ஆராய்ச்சி நடந்தது. கவிஞர் மரியான் மூரிடம்கூட யோசனை கேட்டார்கள். 1957-ல் வந்த கார், 1959-ல் நின்றே போனது. வாங்குபவர்களின் மனம் அதற்குள் சிறிய கார்கள் பக்கம் திரும்பியிருந்தது.

ஜெயித்தவர்களின் கதை எங்கும் கிடைக்கும். தோற்றதை இவ்வளவு விவரமாகச் சொல்லும் புத்தகங்கள் குறைவு.

4. ஐ டூ ஹேட் எ ட்ரீம் - வர்கீஸ் குரியன்

சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர் குரியன். 1949-ல் அரசுப் பணிக்காக குஜராத்தின் ஆனந்த் நகருக்கு வேண்டாவெறுப்பாகப் போனார். ஊரைவிட்டுக் கிளம்ப இருந்தவரை, பால் கூட்டுறவுத் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் தங்கவைத்தார். பிறகு நடந்ததுதான் 'அமுல்' வரலாறு. முதலாளியாக இல்லாமலே ஒரு நிறுவனத்தை வளர்க்க முடியும் என்பதற்கு இவரே சாட்சி. மேலாளராக விரும்புபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

எப்படிப் படிப்பது?

ஏற்கெனவே கடை நடத்துபவர்கள் 'தி கோல்' படித்துவிட்டு 'ஷூ டாக்' எடுக்கலாம். இன்னும் தொடங்காதவர்களுக்கு எட்செல் கதை முதலில். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும், 'இது என் தொழிலில் நடந்தால் என் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?' என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கு சரியாக வந்த பிறகு, கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்!