512 பைட்டுக்குள் ஓர் உலகம்

பெரம்பலூர் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் 10 பைட். தமிழில் தட்டினால் 30. அரியலூருக்கு 8, தமிழில் 24. கங்கைகொண்டசோழபுரத்தின் கதை இன்னும் வேடிக்கை. நம் கண்ணுக்கு 11 எழுத்துதான், கணினியின் கணக்கில் அது 54 பைட். வாட்ஸ்அப்பில் அரட்டை அடிப்பவர் யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆனால், ஒரு வரிக்கு 512 பைட், அதற்கு மேல் ஒரு பைட்கூடக் கிடையாது என்று கறாராக நிற்கும் ஓர் அரட்டை முறை இருக்கிறது. அங்கே போனால்தான் தமிழுக்கு இடிக்கிறது.

அந்த முறைக்குப் பெயர் ஐஆர்சி. 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் என்பவர் எழுதியது. வேர்ல்டு வைடு வெப் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, அங்கிருந்து செய்திகள் வெளியே கசிந்த வழிகளில் இதுவும் ஒன்று. 2005 வாக்கில் குவேக்நெட் என்ற ஒரே ஒரு ஐஆர்சி வலையமைப்பில், ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரட்டையில் இருந்தார்கள். இன்று அந்தக் கூட்டம் இல்லை. ஆனாலும் ஆளில்லாமல் போய்விடவில்லை. கம்ப்யூட்டர் கேம் நேரலைகளுக்குப் பேர்போன டுவிட்ச் தளத்தின் அரட்டைப் பெட்டிக்குள் இன்றும் இந்த நெறிமுறையின் வழியாகவே நுழைய முடியும். டெபியன் லினக்ஸை உருவாக்குகிறவர்கள் இன்றும் சேனல் எனப்படும் ஐஆர்சி அறைகளில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள்.

சரி, இதற்கும் பெரம்பலூருக்கும் என்ன சம்பந்தம்? ரயில் நிலையமே இல்லாத ஊர் அது. பக்கத்து அரியலூரில் ரயிலும் உண்டு, வரிசையாக சிமென்ட் ஆலைகளும் உண்டு. இரண்டு மாவட்டங்களிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால், ஒரு மென்பொருளை எழுதியவரையே நேரில் பார்த்துச் சந்தேகம் கேட்பதற்கு பெங்களூருதான் போக வேண்டும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போக வேண்டியதில்லை, அவர்களை ஐஆர்சியிலேயே பிடிக்கலாம். லேப்டாப்கூடத் தேவையில்லை.

பெரம்பலூரின் துறைமங்கலத்தில் ஒரு மாணவி, கையில் ஆண்ட்ராய்டு போன் மட்டும் வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து இறக்கினால், போனுக்குள்ளேயே லினக்ஸ் டெர்மினல் ஒன்று திறக்கும். அதில் 'பிகேஜி இன்ஸ்டால் இர்சி' என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி தட்டினால் இர்சி என்ற ஐஆர்சி கிளையன்ட், அதாவது அரட்டைச் செயலி, வந்து உட்கார்ந்துவிடும். அதுவும் ஒரு பின்லாந்துக்காரர் கொடுத்ததுதான்: திமோ சிரைனென், 1999. திறந்தால் கறுப்புத் திரை. பட்டனும் கிடையாது, படமும் கிடையாது. அடியில் ஒரு பட்டை, அதில் மணியும் பட்டப்பெயரும். அதற்கும் கீழே தட்டச்சு செய்ய ஒரு வரி. அவ்வளவுதான்.

சாய்கோடு போட்டுத் தொடங்கினால் அது கட்டளை. '/கனெக்ட்' போட்டு சர்வர் பெயரைக் கொடுத்தால் இணைப்பு. '/ஜாயின்' போட்டு, ஹாஷ் குறியுடன் சேனல் பெயரைக் கொடுத்தால் அறைக்குள் நுழையலாம். '/குவிட்' என்றால் வெளியே. சாய்கோடு இல்லாமல் எதைத் தட்டினாலும் அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்விடும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடவுச்சொல்லைத் தனியாக அனுப்புவதற்கான கட்டளையைத் தட்டும்போது, சாய்கோட்டுக்கு முன்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருக்கும். இர்சிக்கு அது கட்டளை இல்லை, வெறும் பேச்சு. கடவுச்சொல் பொதுவில் பல்லிளிக்கும். பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே, உடனே மாற்றிவிடு என்பார்கள்.

இந்தக் கஞ்சத்தனமான திரையின் அருமை, சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில்தான் தெரியும். ஒரு வரி அதிகபட்சம் 512 பைட் என்றால், 1 எம்பி டேட்டாவில் முழு நீள வரிகளே 2,000 அடங்கும். காலை வணக்கப் படம் ஒன்று 100 கேபி என்றாலும், அந்த இடத்தில் 200 வரி பேசிவிடலாம். சர்வர் அவ்வப்போது 'பிங்' என்று கூப்பிடும். கிளையன்ட் 'பாங்' என்று பதில் குரல் கொடுக்கும். பதில் வராவிட்டால், 'பிங் டைம்அவுட்' என்று அறையில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டு ஆளை வெளியே தள்ளிவிடும். கரன்ட் போனதா, டவர் போனதா என்றெல்லாம் கேட்காது. வெளியே இருந்த நேரத்தில் மற்றவர்கள் பேசியதை அது சேர்த்து வைப்பதும் இல்லை. வாட்ஸ்அப்பில் பழகியவர்களுக்கு இது பெரிய எரிச்சல். விவரம் தெரிந்தவர்கள், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வாடகை சர்வர் ஒன்றில் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் இர்சியை ஓடவிட்டு, வேண்டும்போது போனிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தக் கறுப்புத் திரையையே வகுப்பறையாக மாற்றிக் காட்டியது மேற்கு வங்கத்தின் துர்காபூர். அங்கே குஷால் தாஸ் தொடங்கிய டிஜிபிளக் என்ற லினக்ஸ் பயனர் குழு, 2008 முதல் ஐஆர்சியிலேயே கோடைப் பயிற்சி நடத்தியது. வீடியோ இல்லை, குரல் இல்லை. முதலில் ரோல் கால், எல்லோரும் பெயரைத் தட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முறை வரும்போதுதான் கேட்கலாம். கை தூக்குவதுதான், எழுத்து வடிவில். அங்கே பாடம் எடுத்தவர்களில் தமிழ்நாட்டு லினக்ஸ் வட்டத்துக்கு அறிமுகமான சக்தி கண்ணனும் ஒருவர். 2014-ல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே, மாணவர்கள் குறுஞ்செய்தி மொழியில் அனுப்பும் கேள்விதான்: 'ஐ வான்ட் டு டூ ப்ராஜெக்ட், டெல் மீ வாட் டு டூ'.

அந்தக் கேள்வியை ஒரு சேனலில் போட்டால் பெரும்பாலும் மௌனமே பதில். 'வணக்கம் சார், யாராவது இருக்கீங்களா?' என்று கேட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறவருக்கும் அப்படித்தான். பதில் தெரிந்தவர் பெர்லினில் அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பார். என்ன செய்தோம், என்ன பிழை வந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்கு, ஒரு மணி நேரம் கழித்தாவது பதில் வரும். பிழைச் செய்தி முப்பது வரி இருந்தால் அதை அறையில் கொட்டக் கூடாது. வேறோர் இடத்தில் ஒட்டி, சுட்டியை மட்டும் தர வேண்டும். கொட்டினால் சர்வரே ஆளைத் துண்டித்துவிடும்.

இனி தமிழ் விஷயம். ஐஆர்சியின் விதிகளை எழுதி வைத்த 1993-ஆம் ஆண்டு ஆவணத்தில் ஒரு விநோதம் உண்டு. பட்டப்பெயர்களில் சதுர அடைப்புக்குறியைப் 'பெரிய எழுத்து' என்றும், நெளி அடைப்புக்குறியை அதன் 'சின்ன எழுத்து' என்றும் கொள்ள வேண்டுமாம். காரணம், அன்றைய பின்லாந்துக் கணினிகளில் அந்த இடங்களில்தான் அவர்களுடைய தனி உயிரெழுத்துகள் இருந்தன. தங்கள் ஊர் எழுத்துக்கு அவர்கள் இடம் போட்டுக்கொண்டார்கள். தமிழுக்கு அன்று இடம் போட அங்கே யாரும் இல்லை. பின்னால் பரவிய யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். சேனல் பெயர், அனுப்புநர் விவரம் எல்லாம் போக 400 பைட் மிஞ்சினால் ஆங்கிலத்தில் 400 எழுத்து எழுதலாம். தமிழில் 133 குறியீடுகள். புள்ளியும் கொம்பும் காலும் அதற்குள்ளேயே அடக்கம்.

திரையில் படும் பாடு இதைவிட மோசம். டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி, கட்டத்துக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் இகர விசிறி இடம் பிடிக்கும் குறி, ஈகார விசிறியோ இடம் பிடிக்காத குறி. அதனால் பல டெர்மினல்களின் கணக்கில் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரே கட்டம்! 'கொ' வந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். கர்சர் ஓரிடம், எழுத்து வேறிடம். கேடிஈ-யின் கான்சோல், எம்எல்டெர்ம் போன்ற டெர்மினல்கள் ஓரளவு தேவலை. அறிவியல் தமிழ் என்று மேடை போடுகிறவர்கள் இந்தக் கட்டக் கணக்கையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். நிரல் எழுதித் தீர்க்கக்கூடிய சிக்கல்தான் இது. தீர்ப்பதற்கான ஆட்கள் சந்திக்கும் இடமும் அந்தச் சேனல்களே.

ஆட்கள் தூரத்திலும் இல்லை. 2023 ஜனவரியில் டெபியன்காரர்கள் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் மாநாடு நடத்தினார்கள். அரியலூரில் கார்டு லைன் ரயில் ஏறினால் நேராக விழுப்புரம்தான். அதே ஆண்டு செப்டம்பரில் உலக டெபியன் மாநாடு கொச்சியில் நடந்தது.

பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் லேப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி ஃபயர்வால்கள் பலவும் ஐஆர்சிக்கான வாசலை மூடியே வைத்திருக்கின்றன. குறியாக்கப் பாதுகாப்புடன் ஐஆர்சி ஓடும் போர்ட் எண் 6697. வாரத்தில் ஒரு மாலையாவது அதைத் திறந்துவிடுங்கள்.