வீடியோ காலில் தெரபி: பெற்றோரின் வேலை எது?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை தெரபிஸ்ட்டிடம் இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீட்டில்தான். ஊர் தள்ளி இருப்பவர்களுக்கு அந்த ஓரிரு மணி நேரமும் எளிதில் வாய்ப்பதில்லை. ஒருநாள் கூலியை விட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கி, இரண்டு பஸ் மாறிப் போய்வர வேண்டும். பயிற்சி வீட்டிலேயே நடக்கட்டும், மேற்பார்வை வீடியோ காலில் இருக்கட்டும் என்ற முறை இதற்காகத்தான் வந்தது. கொரோனா ஊரடங்கில் அது வேகமாகப் பரவியது. ஆனால் அதில் அப்பா அம்மா என்ன செய்ய வேண்டும் என்பதில் இன்னும் குழப்பம் நிறைய.

வளரும் மூளையில் பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்துக்குள்ளோ ஏற்பட்ட பாதிப்புதான் மூளை முடக்குவாதம். அந்தப் பாதிப்பு நாளாக நாளாகக் கூடுவதில்லை. தசை இறுகுவது, இடுப்பு மூட்டு விலகுவது போன்ற பின்விளைவுகள்தான் கூடும். பாதித்த இடத்தைத் தெரபியால் அழிக்க முடியாது. இருக்கும் மூளையைக் கொண்டு ஒரு வேலையைச் செய்யக் குழந்தை கற்றுக்கொள்ளலாம். அந்தக் கற்றல், குழந்தை தானே முயன்று, தவறவிட்டு, திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் நடக்கிறது. குழந்தையைப் படுக்கவைத்துக் காலைப் பிடித்து நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தால் உழைப்பது நாம்தான். அது மட்டுமே தெரபி என்று நம்பி வருடக்கணக்கில் செய்யும் வீடுகள் உண்டு.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் கல்லூரியினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பயன்படும். உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதித்த 24 குழந்தைகள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு, இரண்டு கையையும் சேர்த்துப் பயன்படுத்த வைக்கும் விளையாட்டுகளைப் பெற்றோரே வீட்டில் நடத்தினார்கள். நாளுக்கு 2 மணி நேரம், வாரம் 5 நாள், 9 வாரம்; மொத்தம் 90 மணி நேரம். தெரபிஸ்ட்டுகள் வெப்கேமரா வழியாக மேற்பார்த்தார்கள். மீதிக் குழந்தைகளுக்கு அதே அளவு நேரம் கால் பயிற்சி. கட்டைகளை எடுத்துப் போடும் வேகத்திலும், குடும்பமே தேர்ந்தெடுத்த அன்றாட வேலைகளிலும் கைப்பயிற்சிக் குழந்தைகள் கூடுதலாக முன்னேறினார்கள். பாதித்த கை இன்னொரு கைக்கு எவ்வளவு உதவுகிறது என்று அளக்கும் சோதனையில் மட்டும் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தினம் 2 மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக் குழு 36 பள்ளி வயதுக் குழந்தைகளிடம் செய்து 2009-இல் வெளியிட்ட வீட்டுப் பயிற்சி ஆய்வில், பெற்றோர் செய்தது சராசரியாக மாதம் 17 முறை சொச்சம், ஒவ்வொரு முறையும் 16 நிமிடம் சொச்சம். அதற்கே பலன் இருந்தது. அது வீடியோ வழித் திட்டம் இல்லை. ஆனாலும் அதன் அடிப்படை இங்கேயும் பொருந்தும்: என்ன கற்க வேண்டும் என்பதைக் குடும்பம் சொன்னது, எப்படி என்பதைத் தெரபிஸ்ட் சொன்னார்.

என்ன கற்க வேண்டும் என்று சொல்வதுதான் பெற்றோரின் முதல் வேலை. ‘கை சரியாக வேண்டும்’ என்பது ஆசை. ‘தட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் இட்லியைப் பிட்டுச் சாப்பிட வேண்டும்’ என்பது இலக்கு. இலக்கு தெளிவானால் பயிற்சி அன்றாட வேலைக்குள்ளேயே வந்துவிடும். டிபன் பாக்ஸ் மூடி திறப்பது, சப்பாத்தி மாவை இரண்டு கையாலும் உருட்டுவது, பல்லாங்குழிப் பலகையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் சோழி போடுவது. (வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தையிடம் சோழி வேண்டாம், பெரிய பொருளாகக் கொடுங்கள்.) சட்டை மாட்டும்போது பாதித்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் குழந்தையே கையை நீட்டும். அந்தப் பொறுமைதான் கஷ்டம்; அவசரத்தில் நாமே செய்துவிடுவோம்.

வீடியோ காலில் தெரபிஸ்ட் பொம்மையை வைத்துச் செய்துகாட்டி முடித்தால் அது பாதி வேலை. நீங்கள் குழந்தையோடு செய்வதை அவர் பார்த்துத் திருத்த வேண்டும். போனைத் தரைமட்டத்தில் சாய்த்து, பக்கவாட்டில், பாதம் முதல் தலை வரை தெரியும்படி வையுங்கள். நெட் இழுத்தால், சாப்பிடும்போதோ உட்காரும்போதோ சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

போன் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலியைப் பயன்படுத்துகிறது. அதில் உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே போகிறார், நிபுணர்கள் தூரத்திலிருந்து வழிகாட்டுகிறார்கள். நம் ஊருக்கு இந்தக் கலவைதான் சரி என்பது என் எண்ணம். சிலவற்றுக்கு நேரில் போயே ஆக வேண்டும். இடுப்பு மூட்டு விலகுகிறதா என்பதை எக்ஸ்ரேயில்தான் பார்க்க முடியும். ஊட்டும்போது அடிக்கடி புரையேறினாலோ, வலிப்பு வந்தாலோ, இருந்த திறன் குறைந்தாலோ அடுத்த வீடியோ காலுக்குக் காத்திருக்காமல் நேரில் டாக்டரிடம் போங்கள்.

‘பெற்றோர் பங்கு’ என்ற பெயரில் பெரும்பாலும் எல்லாமே அம்மா தலையில்தான் விழுகிறது. சமையல், மற்ற பிள்ளைகள், அதோடு பத்து எக்சர்சைஸ் கொண்ட பட்டியல் ஒன்று. விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி. பட்டியல் அவ்வளவு நீளமாக இருந்தால் தவறு பட்டியலில்தான். அடுத்த வீடியோ காலில் அப்பாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். “இந்த மாதம் ஒன்றே ஒன்றுதான் முடியும், எதைச் செய்யட்டும்?” என்று தெரபிஸ்ட்டிடம் தயங்காமல் கேளுங்கள்.