மூன்றரை டன் கோடு
சக்கரமும் சட்டமும் – 11

பிரிட்டனில் சரக்கு வண்டி ஓட்டுகிறவரின் வாழ்க்கையை ஓர் எண் இரண்டாகப் பிரிக்கிறது. வண்டியும் அது ஏற்றக்கூடிய முழுச் சரக்கும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் அடங்கினால், கார் ஓட்டும் 'பி' வகை லைசென்ஸே போதும். ஒரு கிலோ கூடினாலும் 'சி1' லைசென்ஸ் வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை, தனித் தேர்வு. அதையே பிழைப்பாகக் கொண்டவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சியை முடித்தாக வேண்டும். வண்டியின் உரிமையாளருக்கு இயக்குநர் உரிமம். டாஷ்போர்டில் டேக்கோகிராஃப். கோட்டுக்குக் கீழே, உள்நாட்டு ஓட்டத்தில், இவற்றில் ஒன்றுகூடக் கட்டாயமில்லை. லைசென்ஸை எடை பார்த்துக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. பெரிய வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் வேறு கைத்திறன் வேண்டும். அதிலும் பிரிட்டன் சமரசம் செய்திருக்கிறது: 1997 ஜனவரி 1-க்கு முன் கார் லைசென்ஸ் வாங்கியவர் ஏழரை டன் லாரியையும் ஓட்டலாம், அதற்குப் பின் வாங்கியவர் தனித் தேர்வு எழுத வேண்டும். என் வழக்கு வேறு. ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எப்போது படுத்துத் தூங்க வேண்டும் என்பதையும் சட்டம் அதே எடைத் தட்டில் வைத்து நிறுக்கிறதே, அதுதான் தவறு.

டேக்கோகிராஃப் என்பது கார் ரேடியோ அளவுள்ள ஒரு பெட்டி. முன்பக்கத்தில் அட்டை செருக இரண்டு வாய்கள்: ஒன்று ஓட்டுநருக்கு, மற்றது துணை ஓட்டுநருக்கு. உள்ளே சிறிய காகிதச் சுருள். அதிகாரி கேட்டால் அன்றைய நாளை அச்சடித்துக் கொடுக்கும். திரையில் நான்கு குறிகள் வரும். ஸ்டியரிங் சக்கரம் என்றால் ஓட்டம். குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் என்றால் ஏற்றி இறக்குவது போன்ற மற்ற வேலை. கோடு கிழித்த சதுரம் என்றால் வேலைக்குத் தயாராகக் காத்திருப்பது. கட்டில் என்றால் ஓய்வு. வண்டி நகர்ந்தால் பெட்டி தானாகவே ஸ்டியரிங்குக்கு மாறிவிடும். நின்றால் தானாகவே சுத்தியலுக்கு மாறும். மற்ற இரண்டையும் ஓட்டுநர்தான் அழுத்த வேண்டும். 2006-க்கு முந்தைய வண்டிகளில் இந்த வேலையை மெழுகு பூசிய வட்டக் காகிதம் செய்தது. 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும் அந்தத் தாளில் ஓர் ஊசி வேகத்தைக் கீறிக்கொண்டே போகும். ஓட்டுநர் நடுவில் தன் பெயரையும் புறப்பட்ட ஊரையும் மைல் கணக்கையும் எழுதி வைப்பார். இவற்றை வைத்துச் சட்டம் கேட்பது அதிகமில்லை. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. நாளுக்கு 9 மணி நேர ஓட்டம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, இரண்டு வாரம் சேர்ந்து 90. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளுக்கு 11 மணி நேரத் தொடர் ஓய்வு. வார ஓய்வுகளுக்கு இடையே மூன்று முறை அதை 9 ஆகக் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றரை டன்னுக்குக் கீழ் விலக்கு என்பது 1969-இல் ஐரோப்பிய சமூகம் எழுதிய ஓட்டுநர் நேர விதியிலேயே இருக்கிறது. அன்று வேன் என்பது ரொட்டிக் கடைக்காரரும் தச்சரும் தங்கள் ஊருக்குள் ஓட்டிய வண்டி. அதை விட்டுவிட்டதில் நியாயம் இருந்தது. மறு ஆண்டு டேக்கோகிராஃபைக் கட்டாயமாக்கும் விதி வந்தது. பிரிட்டன் பின்னர் சமூகத்தில் சேர்ந்தும் அதை அமல்படுத்த மறுத்தது. 'கேபினுக்குள் உளவாளி' என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. விருப்பமுள்ளவர் பொருத்திக்கொள்ளட்டும் என்ற அரசின் நிலையை 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்கவில்லை. உள்நாட்டு எதிர்ப்பைக் காரணம் காட்டிக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு லாரிகளில் பெட்டி ஏறியது. ஆனால் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இணைய வணிகம் வந்து, ஒரு தலைமுறையே வேனில் பார்சல் எடுத்துப் பிழைக்கத் தொடங்கிய பிறகும் அது நகரவில்லை.

கோட்டுக்குக் கீழே சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் உள்நாட்டு விதி நாளுக்கு 10 மணி நேர ஓட்டம், 11 மணி நேரப் பணி என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அதில் இடைவேளைக்குக் கணக்கு இல்லை, இரவு ஓய்வுக்குக் கணக்கு இல்லை, இந்த வேன்களுக்குப் பதிவேடும் கட்டாயமில்லை. பதிவே இல்லாத இடத்தில் பத்து மணி நேரம் தாண்டியதை நெடுஞ்சாலையில் நிறுத்தும் அதிகாரி எதை வைத்து நிரூபிப்பார்? ஐரோப்பியக் கண்டத்தில் இந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஓட்டுநர் தலைக்கு மேலே, கூரையில் சவப்பெட்டி அகலத்துக்கு ஒரு படுக்கைக் கூண்டு பொருத்திய மூன்றரை டன் வேன்கள் நாடு விட்டு நாடு ஓடின. லாரி ஓட்டுநர் அட்டையைச் செருகிவிட்டு நிறுத்துமிடம் தேடும் நேரத்தில், அதே சாலையில் அதே தூரத்துக்கு இந்த வேன் ஓட்டுநர் ஓடிக்கொண்டே இருக்க முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் இதற்கு ஒரு விடை கண்டது: எல்லை தாண்டிச் சரக்கேற்றும், 2.5 டன்னுக்கு மேற்பட்ட வேன்களுக்கும் 2026 ஜூலை 1 முதல் டேக்கோகிராஃப். ஒன்றியத்தோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே பிரிட்டிஷ் வேன்களையும் இது கட்டுப்படுத்துகிறது. நல்ல திருத்தம்தான், ஆனால் பாதித் திருத்தம். டோவரிலிருந்து கடலைத் தாண்டிக் கலே போய் வருகிற வேனுக்குப் பெட்டி வேண்டும். லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுமார் 1,350 கி.மீ. ஓடுகிற வேனுக்கு வேண்டாம்.

மின்சார வேன் வந்தபோது இந்தக் கோட்டின் குறை இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. பேட்டரியின் கனத்தால் அதே அளவு வேன், அதே பார்சல்கள், அதே தெரு, ஆனால் எடை மூன்றரை டன்னைத் தாண்டிவிட்டது. உடனே லைசென்ஸ் விதியைத் தளர்த்தினார்கள்: பிரிட்டனில் 'பி' லைசென்ஸ்காரர் 4,250 கிலோ வரை மாற்று எரிபொருள் வண்டி ஓட்டலாம் என்று 2018-இல் அனுமதி வந்தது, அதற்கு வைத்திருந்த ஐந்து மணி நேரப் பயிற்சியும் புகையில்லா வண்டிகளுக்கு 2025-இல் நீங்கியது. டேக்கோகிராஃப் பக்கமோ, தளத்திலிருந்து 100 கி.மீ. தொலைவுக்குள் ஓடும் மின்சார வண்டிக்கு நாடுகள் விலக்குத் தரலாம் என்கிறது ஐரோப்பிய விதி. இந்த ஒட்டுகளெல்லாம் எதைக் காட்டுகின்றன? எடை கூடியதால் ஓட்டுநரின் களைப்பு கூடவில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எடை குறைந்தால் களைப்பும் குறையாது என்ற மறுபாதியைத்தான் இன்னும் ஏற்கவில்லை.

எடைக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. கனமான வண்டி மோதினால் சேதம் பெரிது. ஆகவே அங்கே கட்டுப்பாடும் கடுமையாக இருக்கட்டும் என்பார்கள். நாற்பது டன் லாரியை வைத்துப் பேசினால் மறுக்க முடியாது. ஆனால் கோட்டுக்கு இருபுறமும் உள்ள வண்டிகளை ஒப்பிடுவோம். ஏழரை டன் லாரி வேகக் கட்டுப்படுத்தியோடு மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் போகாது. மூன்றரை டன் வேனுக்கு அது கிடையாது. மோட்டார்வேயில் 70 மைல், அதாவது சுமார் 113 கி.மீ. வேகம் சட்டப்படியே சரி. மோதலின் வலிமை எடையோடு நேராகவும் வேகத்தோடு வர்க்கமாகவும் கூடும். கணக்குப் போட்டால், முழுச் சரக்கோடு போகும் அந்த வேனின் இயக்க ஆற்றல் லாரியினுடையதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. எடையில் பாதிக்கும் குறைவு, இடியில் முக்கால்.

குழாய் ரிப்பேர் செய்கிறவர், பெயின்டர், மின்பணியாளர் எல்லோர் வேனிலும் பெட்டி வைத்தால் சிறு தொழில் தாங்குமா என்ற கேள்வியும் நியாயமானது. தாங்காது, வைக்கவும் கூடாது. 2020 திருத்தமே இதற்கு வழி சொல்கிறது: இரண்டரை முதல் மூன்றரை டன் வரையிலான வேனில் சொந்தச் சரக்கை எடுத்துப் போகிறவருக்கு, ஓட்டுவது முதன்மை வேலையாக இல்லாவிட்டால், விலக்கு. வண்டியைக் கேட்காமல் வேலையைக் கேட்டு ஒரு கோடு கிழிக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அதே கோட்டை நாட்டுக்குள்ளும் கிழிக்கலாம். உளவு என்ற பழைய குறையும் இன்று வேறு பொருள் கொள்கிறது. பார்சல் ஓட்டுநரின் கையிலுள்ள ஸ்கேனர் அவர் எந்த வாசலில் எந்த நிமிடம் நின்றார் என்பதை ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிவு வேலை கொடுப்பவரிடம் இருக்கிறது. டேக்கோகிராஃப் பதிவோ ஓட்டுநரின் சொந்த அட்டையில் இருக்கிறது. 'என்னை ஓய்வில்லாமல் ஓட்டவைத்தார்கள்' என்று சொல்ல அவர் கையில் இருக்கும் ஆவணம் அது.

மிகக் கடினமான மறுப்பு இனிமேல்தான். பார்சல் வேன் வீட்டுக்கு வீடு நிற்கிறது. நாலரை மணி நேர ஓட்டம் என்ற வரம்பை அது தொடுவதே அரிது. பெட்டி வைத்து என்ன பயன் என்று கேட்கலாம். ஓட்ட வரம்பைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் பெட்டியில் ஸ்டியரிங் குறி மட்டும் இல்லை, சுத்தியல் குறியும் இருக்கிறது. படியேறி இறங்குவதும், விடியுமுன் கிடங்கில் அடுக்குவதும் வேலையாகவே பதிவாகும். அவை எதையும் ஓய்வில் சேர்க்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் 11 மணி நேர ஓய்வு மிச்சமிருந்தே ஆக வேண்டும். பார்சல் ஓட்டுநருக்குத் தேவையான பாதுகாப்பு இதுதான். இன்றைய உள்நாட்டு விதி அவரை நேர்மாறாக நடத்துகிறது: வாரத்தில் எந்த நாளிலும் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதவருக்கு அந்த 11 மணி நேரப் பணி வரம்பே பொருந்தாது. நின்று நின்று ஓட்டி, நாளெல்லாம் சுமந்து, இரவில் களைத்துப்போய் வண்டியைத் திருப்புகிறவர்தான் இந்த ஓட்டையில் விழுகிறார்.

பெட்டியை மட்டும் பொருத்திவிட்டுச் செலவையும் பழியையும் ஓட்டுநர் தலையில் கட்டினால் அது அநீதி. பலர் சொந்த வேனோடு, பார்சலுக்கு இவ்வளவு என்ற கூலியில் ஓடுகிறார்கள். ஐரோப்பிய விதியின் பத்தாம் பிரிவு இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் தூரத்துக்கோ, சரக்கின் அளவுக்கோ, விரைந்து கொடுத்ததற்கோ கூலி தரக் கூடாது என்கிறது. ஓட்டுநரின் மீறலுக்குப் போக்குவரத்து நிறுவனமே பொறுப்பு என்கிறது. சரக்கை அனுப்புகிறவரும் ஒப்பந்தம் போடுகிறவரும் ஓய்வுக்கு இடம் கொடுக்கும் கால அட்டவணையைத்தான் பேச வேண்டும் என்கிறது. மூன்றரை டன்னுக்கு மேல் இது பல ஆண்டுகளாக நடப்பில் இருக்கும் சட்டம். கூலிக்குச் சரக்கேற்றும் உள்நாட்டு வேன்களுக்கு டேக்கோகிராஃப் போகும்போது இந்தப் பிரிவும் கூடவே போக வேண்டும். பெட்டியின் விலையை, வண்டி யார் பெயரில் இருந்தாலும், வேலை கொடுக்கும் நிறுவனமே ஏற்க வேண்டும்.