மின்னஞ்சலும் மரியாதையும்

ஊரை விட்டு வெகுதூரம் வந்து குடியேறியவர்களுக்குக் கடிதம்தான் பாதி உறவு. இன்லண்ட் லெட்டர் காலத்தில் அதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. மேலே பிள்ளையார் சுழி, ஓரத்தில் ஊரும் தேதியும், பிறகு நலம் விசாரிப்பு, அதன்பின் விஷயம். தாள் சிறியது; வளவளவென்று எழுத இடமில்லை. தந்திக்கோ சொல்லுக்குச் சொல் காசு. அந்தத் தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நின்றுவிட்டது.

மின்னஞ்சலில் இடத்துக்குப் பஞ்சமில்லை, சொல்லுக்குக் காசும் இல்லை. எழுதுகிறவருக்கு மிச்சமான செலவு இப்போது படிக்கிறவர் தலையில் விழுகிறது. அவருடைய நேரம் செலவாகிறது. நாம் ஐந்து நிமிடம் கூடுதலாகச் சிரமப்பட்டு, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதே மின்னஞ்சலில் முதல் மரியாதை. மற்ற விதிகளெல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

இந்த விதிகள் புதியவையும் அல்ல. கணினிக்குக் கணினி மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1971-ல் அமைத்து, முகவரியின் நடுவே 'அட்' குறியை வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன். நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் 'நெட்டிகெட்' என்ற பெயரில் இணைய நடத்தை நெறிகள் ஆர்.எஃப்.சி. 1855 என்ற எண்ணுடன் வெளியாயின. ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்துகளில் எழுதினால் கத்துவதுபோல் இருக்கும், கோபமான பதிலை ஓர் இரவு ஆறப்போட்டு அனுப்புங்கள் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் பொருந்தும் அறிவுரைகள்.

குடும்பச் செய்திகள் இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் போய்விடுகின்றன. ஆனால் வங்கி, காப்பீடு, பள்ளிக்கூடம், வேலை என்று எழுத்தில் நிற்கவேண்டியவற்றுக்கு மின்னஞ்சல் வேண்டியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரமும் உண்டு. நினைத்த மாத்திரத்தில் ஊருக்கு ஓடமுடியாத நமக்கு, பல சமயங்களில் நமக்காக அலுவலகப் படியேறுவது அந்தக் கடிதம்தான்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம் பெறும் தாயார், டில்லியில் மகனோடு இருக்கிறார். வங்கிக் கிளை தமிழ்நாட்டில். நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுத்தும் டிசம்பரிலிருந்து பணம் வரவில்லை. மகன் எழுதுகிறார். பொருள் என்ற இடத்தில் 'அவசரம், மிக அவசரம்' என்று மட்டும் இருக்கிறது. உள்ளே, அப்பா எந்த ஆண்டு ஓய்வு பெற்றார், தாம் எப்போது டில்லிக்கு வந்தார், கிளைக்கு எத்தனை முறை தொலைபேசியில் பேசினார் என்று நாற்பது வரி. கடைசியில், 'ஆவன செய்யவும்'. யார் கணக்கு, என்ன செய்யவேண்டும் என்பதை மேலாளர் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். வேலை மிகுந்த நாளில் அவர் அதை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டால் ஆச்சரியமில்லை.

அதையே இப்படி எழுதலாம்:

பொருள்: குடும்ப ஓய்வூதியம் டிசம்பர் முதல் வரவில்லை - ஆயுள் சான்றிதழ் பதிவு குறித்து

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
வணக்கம். தங்கள் கிளையில் குடும்ப ஓய்வூதியம் பெறும் என் தாயார் தற்போது டில்லியில் என்னுடன் வசிக்கிறார். நவம்பர் 12 அன்று ஜீவன் பிரமாண் முறையில் ஆயுள் சான்றிதழ் அளித்தார், நகலை இணைத்துள்ளேன். டிசம்பர், ஜனவரி மாத ஓய்வூதியம் வரவாகவில்லை. அன்புகூர்ந்து இரண்டு விவரங்களைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
1. சான்றிதழ் தங்களிடம் பதிவாகியுள்ளதா?
2. இல்லையெனில், நாங்கள் இங்கிருந்து என்ன அனுப்பவேண்டும்?
அம்மாவின் மருந்துச் செலவு இதைக்கொண்டே நடப்பதால், இந்த வாரத்துக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.
பணிவன்புடன்...

கீழே தாயாரின் பெயர், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், மகனின் பெயர், தொலைபேசி எண். அவ்வளவுதான். பொருளைப் பார்த்ததுமே இது எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று தெரிகிறது. கேள்விகளுக்கு எண் இருப்பதால் பதிலும் எண் போட்டு வரும். பாஸ்வேர்டு, ஓ.டி.பி. போன்றவற்றை மட்டும் எந்தக் கடிதத்திலும் எழுதக்கூடாது.

இணைப்புகளிலும் மரியாதை இருக்கிறது. கைப்பேசி தானாகச் சூட்டிய எண்ணோடு படத்தை அனுப்பாமல், 'ஆயுள் சான்றிதழ், நவம்பர்' என்று பெயரிட்டு அனுப்பினால் அவருக்குத் தேடும் வேலை இல்லை. ஜிமெயிலில் இணைப்புகளின் மொத்த அளவு 25 எம்.பி.தான், தெளிவு கெடாமல் அளவைக் குறைத்து அனுப்புவது நல்லது. இணைப்பு ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பது அடுத்தது. 'டு' என்ற இடத்தில் இருப்பவர் பதில் சொல்லவேண்டியவர். 'சி.சி.' என்பது கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த காலத்துப் பெயர். தகவலுக்காக மட்டும் நகல் பெறுபவர் அதில் வருவார். சங்க விழா அழைப்பை இருநூறு பேருக்கு அனுப்பும்போது 'பி.சி.சி.'யில் போடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் 'வருகிறேன்' என்று சொன்னால் அது இருநூறு வீட்டுக்கும் போகாது.

தமிழில் எழுதும்போது யூனிகோடு முறையில் எழுதவேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டி அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவருக்கு அது புரியாத குறிகளாகத் தெரியும். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவிடுகிறார்கள். ஊரிலுள்ள தாத்தா பாட்டி அதை எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறார்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கைப்பேசியில் தமிழில் பேசினால் தமிழ் எழுத்தாக்கித் தரும் வசதி இருக்கிறது. 'அன்புள்ள தாத்தாவுக்கு வணக்கம்' என்று தொடங்கி நாலு வரி எழுதப் பழக்குங்கள். 'நல்லா இருக்கீங்களா?' என்று எழுதட்டும், 'நல்லா இருக்கியா?' என்று வேண்டாம். எதிரே பேசும்போது குழந்தையின் முகம் பார்த்து மன்னித்துவிடுவார்கள். எழுத்துக்கு முகம் கிடையாது.

கோபத்துக்கும் இதுவே பொருந்தும். பாகப் பிரிவினை, வாடகைப் பாக்கி என்று அண்ணன் தம்பிக்குள் எழுத நேரும்போது, குரலில் இருக்கும் தழுதழுப்பு எழுத்தில் தெரியாது. கடுமை மட்டும் நிற்கும். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப எடுக்க அதிகபட்சம் 30 விநாடிதான் அவகாசம். அதன்பின் அது அவருடையது. பத்து ஆண்டு கழித்தும் எடுத்துக் காட்டலாம். அப்படிப்பட்ட கடிதத்தை முகவரி போடாமல் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலை படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் நீங்களே அடித்துவிடுவீர்கள்.

கடைசியாக ஒன்று. பதில் கிடைத்ததும், 'கிடைத்தது, நன்றி' என்று ஒரு வரி அனுப்புங்கள். முன்பின் பார்த்திராத அந்த மேலாளருக்கும் அது சந்தோஷத்தைத் தரும். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தால் கடிதத்தை அவர் முதலில் திறக்கவும் கூடும்.