ஓயாத காவலாளியும் ஓட்டத்தின் அளவும்



திருகோணமலைத் துறைமுகத்துள் புகும் கப்பல் எதுவும் ஆழ்கடலில் வந்த வேகத்தோடு புகுவதில்லை. மேற்றளத்திலிருந்து பொறியறைக்கு ‘மெதுவாக முன்னே’ என்று கட்டளை செல்கிறது. பொறியின் சுழற்சி தணிகிறது. வேகத்தைத் தணிப்பதனால் ஆபத்து விலகுவதோடு எரிபொருளும் மிஞ்சுகிறது. கப்பலின் வேகத்தைப் பாதியாக்கினால் அதனை உந்துவதற்கு வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது கப்பலோட்டிகள் அறிந்த கணக்கு. 2008 ஆம் ஆண்டு உலக வணிகம் தளர்ந்தபொழுது, சரக்குக் கப்பல் நிறுவனங்கள் பல இக்கணக்கை நம்பியே தம் கப்பல்களை நடுக்கடலிலும் மெல்லச் செலுத்தின.

இதே கணக்கு நம் வீட்டுக்குள்ளும் நடைபெறுகிறது. இணைய இணைப்புக்கும் வீட்டிலுள்ள கருவிகளுக்கும் இடையே ‘தீச்சுவர்’ என்னும் சிறு கணினியை வைத்திருப்போர் இன்று நம்மிடையேயும் உளர். வெளியிலிருந்து வருவனவற்றை ஆராய்ந்து, வேண்டியவற்றை உள்ளே விட்டு, வேண்டாதவற்றைத் தடுப்பது அதன் தொழில். அது இரவும் பகலும் விழித்திருக்கவேண்டிய காவலாளி. ஆயினும், நள்ளிரவில் வீடே உறங்கும் வேளையிலும், மாலையில் பிள்ளைகள் இணையவழிப் பாடம் கேட்கும் வேளையிலும் அது ஒரே வேகத்தில் ஓடவேண்டுமா? வேண்டியதில்லை என்பதே விடை. தேவைக்கேற்பச் செயலியின் அதிர்வெண்ணை ஏற்றியும் இறக்கியும் வைக்கும் ஏற்பாடு அதனுள்ளேயே அமைந்திருக்கிறது. அவ்வேற்பாடு உண்மையில் இயங்குகின்றதா என்று எப்படிச் சோதிப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் காரணத்தைக் காண்போம். செயலி உழைக்கும்பொழுது செலவாகும் மின்னாற்றல் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அத்தோடு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தைக் குறைத்தால் அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கலாம். 1000 மெகா ஹேர்ட்ஸில் ஓடும் செயலியை 600க்கு இறக்கி, அழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு தணித்ததாக வைத்துக்கொள்வோம். 0.6ஐ 0.81 ஆற் பெருக்கினால் 0.486 வருகிறது. அதாவது, வேகம் ஐந்தில் இரு பங்கே குறைந்திருக்க, உழைப்புக்கான மின்செலவோ பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

இவ்வேகத்தை ஆளும் விதிகளுக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் ‘கவர்னர்’ என்று பெயர். 1788 இல் ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறியிற் பொருத்திய வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இதுவே பெயர். 1868 இல் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் அத்தகைய கருவிகளைப் பற்றிக் கணித ஆராய்ச்சி எழுதினார். பெயர் ஒன்றே, பணியும் ஏறத்தாழ ஒன்றே. தீச்சுவர்களுக்குப் பெரிதும் பயன்படும் பிஎஃப்சென்ஸ், ஓப்பிஎன்சென்ஸ் ஆகியவை ஃபிரீபிஎஸ்டி என்னும் தளத்தின்மேல் எழுந்தவை. அங்கே ‘பவர்டி’ என்னும் சேவை இப்பணியைச் செய்கிறது. அது தானாகவே இயங்கிவிடும் என்று எண்ணலாகாது. பிஎஃப்சென்ஸில், நாம் அமைப்புப் பக்கத்திற் குறியிட்டாலன்றி அது தொடங்குவதில்லை. புதிய இன்டெல் செயலிகள் சிலவற்றிலோ வேகத்தைச் செயலியே தீர்மானித்துக்கொள்கிறது.

இனி, சோதிக்கும் முறை. முதலாவது, செயலிக்கு எத்தனை வேகப்படிகள் உள்ளன என்று பட்டியலைக் கேட்டறிதல். இரண்டாவது, வேலையில்லாத வேளையில் எந்தப் படியில் நிற்கின்றது என்று பார்த்தல். மூன்றாவது, பெரியதொரு கோப்பைப் பதிவிறக்கிக்கொண்டே மீண்டும் பார்த்தல். நான்காவது, வேலை முடிந்து ஒரு நிமிடங் கழித்து, வேகம் பழைய நிலைக்கு இறங்கிற்றா என்று பார்த்தல். லினக்ஸ் இவ்வெண்ணைக் கிலோ ஹேர்ட்ஸிற் காட்டும். ஆகையால் 600000 என்று கண்டால் அதனை 600 மெகா ஹேர்ட்ஸ் என்று கொள்ளவேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, பார்ப்பதே வேகத்தை மாற்றிவிடும். தீச்சுவரின் முகப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால், அப்பக்கத்தை ஆக்கித் தருவதற்காகவே செயலி விழித்தெழுந்து வேகமெடுக்கும். ‘எப்பொழுது பார்த்தாலும் முழு வேகத்தில் ஓடுகிறதே’ என்று நாம் மயங்குவோம். ஆதலால் முகப்பை மூடிவிட்டு, கட்டளை வரியில் இடைவிட்டுப் பலமுறை குறித்துக்கொள்வதே நேரிய வழி.

மற்றொன்று, காட்டப்படும் எண் எப்பொழுதும் ஓடும் வேகமாகாது. சில வேளைகளில் அது இடப்பட்ட கட்டளை மாத்திரமே. கப்பலின் மேற்றளத்தில் ‘முழு வேகம்’ என்று கட்டளைக் கருவி காட்டலாம். தண்டு எத்தனை முறை சுழல்கின்றது என்பதைச் சுழற்சிமானிதான் சொல்லும். சுவிட்சர்லாந்தின் பீசி எஞ்சின்ஸ் நிறுவனம் ஆக்கிய ஏபியு2 என்னும் சிறு பலகை இதற்கு நல்ல சான்று. வீட்டுத் தீச்சுவராகப் பலரும் கையாண்ட அதன் செயலிக்கு 600, 800, 1000 மெகா ஹேர்ட்ஸ் என மூன்று படிகள். 2019 இல் வெளியான நிலைபொருள், அச்செயலி தேவைப்படின் 1400 வரை தாவுவதற்கு வழிதிறந்தது. ஆனால் ஃபிரீபிஎஸ்டியின் பட்டியலோ 1000 என்றே காட்டிக்கொண்டிருந்தது. உண்மையை அறிய, குறியாக்கக் கணக்கொன்றைச் செய்வித்து, அது எடுத்த நேரத்தை முன்னும் பின்னும் ஒப்பிடவேண்டியிருந்தது. 2023 இல் அந்நிறுவனம் இப்பலகைகளை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. பாடம் மட்டும் நிலைத்திருக்கிறது.

இவ்வளவு முயற்சிக்குப் பயன் என்னவென்று வினவுவீர்கள். மிகைப்படுத்திச் சொல்வது முறையன்று. பத்து வாட்டுக் கருவி ஓராண்டு ஓய்வின்றி ஓடினால் ஏறக்குறைய 88 அலகு மின்சாரம் செலவாகும். ஆறு வாட்டாயின் 53 அலகு. மிச்சம் 35 அலகே. இன்றைய செயலிகள் வேலையற்ற கணங்களிற் சிறுதுயில் கொள்ள வல்லவை. அதனால் மிச்சம் இதனினுங் குறையலாம். ஆனால் 2022 மார்ச்சு இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டை நாம் கண்டோம். அத்தகைய நாளில் 60 வாட்-மணி கொள்ளும் மின்கலம், பத்து வாட்டுக் கருவியை ஆறு மணி நேரமும், ஆறு வாட்டுக் கருவியைப் பத்து மணி நேரமும் தாங்கும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த நான்கு மணி நேரம் சிறியதன்று.

வெப்பமும் கருதத்தக்கது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் மாவட்டத்து வீடுகளின் வெம்மையைச் சொல்ல வேண்டியதில்லை. இக்கருவிகளுட் பல விசிறியற்றவை. அவற்றை மூடிய அலுமாரிக்குள் வைத்தால், சூடு மிகுந்து செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைத் தணித்துவிடும். அப்பொழுது இணையம் மந்தமாகும். நாமோ இணைப்புத் தரும் நிறுவனத்தை நோவோம். ஆகவே வேகத்தைப் பார்க்கும்பொழுதே வெப்பநிலையையும் பார்த்துவிடுங்கள். நண்பகலில் ஒரு முறையும், இரவில் ஒரு முறையும் குறித்தால் வேற்றுமை தெரிந்துவிடும். பகலில் மட்டும் வேகம் ஏறாதிருந்தால் குற்றம் பெரும்பாலும் காற்றோட்டக் குறையே. இரவிலும் ஏறாதிருந்தால் அமைப்பைத் திருத்தவேண்டும். இரு வேளையும் சரியாக ஏறியிறங்கியும் இணையம் மந்தமாயின், அப்பொழுது நிறுவனத்தாரிடம் முறையிடலாம். குறித்து வைத்த எண்கள் கையிலிருந்தால் அம்முறையீட்டுக்கு வலுவும் உண்டாகும்.