கப்பலேறும் பிள்ளையும் கைக்காகிதமும்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைப் பக்கம் போகிற சாலையில், கம்பெனிப் பேருந்துக்காக விடியற்காலையில் காத்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக, 'பத்தாவது போதும், கப்பலில் வேலை, டாலரில் சம்பளம்' என்னும் துண்டு விளம்பரங்கள் மின்கம்பங்களில் ஒட்டப்பட்டிருக்கின்றன. தாங்கள் திருகாணி முடுக்கிய கார்கள் டிரெய்லரில் ஏறி எண்ணூர் காமராஜர் துறைமுகம் போய், அங்கிருந்து கடல் கடப்பதை அறிந்த அந்தப் பிள்ளைகளுக்கு, காருக்கு வாய்த்த பிரயாணம் நமக்கு வாய்க்காதா என்ற ஆசை எழுவது இயற்கையே. ஆசையில் பிழையில்லை. தாயின் நகையை அடகு வைத்து, ரசீதில்லாமல் லட்சக்கணக்கில் ஒரு தரகன் கையில் கொடுத்து, 'டெக் கேடட்' என்று அச்சிட்ட ஒரு கடிதத்தை மட்டும் நம்பிச் சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்கு விமானமேறுவதே பிழை. படப்பையிலும் சுங்குவார்சத்திரத்திலும் வெவ்வேறு குடும்பங்களின் வாயால் இந்த ஒரே கதையைக் கேட்டுச் சலித்த பிறகே இதை எழுதுகிறேன்.

கேடட் என்பவன் கப்பலில் வாசம் செய்யும் மாணவன். நம்முடைய கிழக்குக் கடற்கரைச் சாலையில், உத்தண்டியிலேயே வளாகம் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வெழுதி, ஓராண்டு நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ படிக்கிறவன், அதன்பின் 18 மாத காலம் கப்பலில் பயின்றால்தான் அதிகாரிப் பரீட்சைக்கு உட்காரலாம். பத்தாவது முடித்தவர்க்கு ஜி.பி. ரேட்டிங் என்னும் ஆறுமாத மாலுமிப் பயிற்சி உண்டு. அதுவும் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில்தான். இந்தப் படிகளைத் தாண்டி 'நேராகக் கப்பலில் ஏற்றிவிடுகிறேன்' என்பவன் எவனாயினும், அவனிடம் பணம் கொடாதீர்கள்.

முதலில் கண்ணைப் பாருங்கள். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அங்கீகரித்த மருத்துவரிடம் நிறக்குருட்டுப் பரிசோதனையை முடித்துக்கொள்ளாமல் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, பிறகு புள்ளிப் படத்தில் எண் தெரியவில்லை என்று அழுது பயனில்லை. அடுத்து, மாணவன் பெயரில் இன்டோஸ் என்னும் கடலோடி அடையாள எண்ணும், சி.டி.சி. என்னும் கடலோடிப் புத்தகமும் இருக்கவேண்டும். வேறொரு நாட்டு சி.டி.சி.யை இரண்டே நாளில் வாங்கித் தருகிறேன் என்பது பெரும்பாலும் மோசடி.

வேலைக்கு அனுப்பும் ஸ்தாபனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்னும் ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும். உரிம எண்ணை இயக்ககத்தின் இணையதளப் பட்டியலில் தேடி, அது நடப்பில் உள்ளதா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்று பார்த்தால் மட்டும் போதாது. உண்மையான கம்பெனியின் பெயர்த்தாளையே திருடி அச்சடிக்கும் சாமர்த்தியசாலிகள் இருப்பதால், விளம்பரத்திலுள்ள எண்ணை விட்டுவிட்டு, பட்டியலிலுள்ள தொலைபேசிக்கே பேசி, 'இந்தக் கப்பலுக்கு இந்தப் பையனை நீங்கள்தான் எடுத்தீர்களா?' என்று கேளுங்கள். கடிதத்தில் கப்பலின் அடையாளமான ஏழிலக்க ஐ.எம்.ஓ. எண் இல்லையென்றால் அது கடிதமே அல்ல. எண் இருந்தால் ஈக்வாசிஸ் என்னும் இலவசத் தளத்தில் இட்டு, கப்பல் மெய்யாகவே மிதக்கிறதா, முதலாளி யார் என்று பார்த்துவிடலாம். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றிருக்கிறது. அதன்படி மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு தவிர, வேலை வாங்கித் தந்ததற்கென்று ஒரு காசும் கேட்கலாகாது. இயக்ககம் இதையெல்லாம் இங்கிலீஷில் சுற்றறிக்கையாக வெளியிட்டுத் தன் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறது. அந்தச் சுற்றறிக்கை வல்லக்கோட்டை மின்கம்பத்தை எட்டுவதில்லை. ஆகையால் மறுபடியும் சொல்கிறேன்: வேலைக்காகப் பணம் கொடாதீர்கள்.

கப்பலேறிய பின்னும் ஜாக்கிரதை வேண்டும். அதிகாலை நாலு மணிக்குத் தலைமை அதிகாரியோடு மேல்தளத்தில் காவல் நின்று, பகலில் துருச் சுரண்டி வர்ணமடித்து, இரவில் கண் சொருகப் பாடம் படிக்கும் பிள்ளையின் பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டினால், 'நங்கூரமிடும் பணியில் உதவினான்', 'உயிர்காப்புப் படகை இறக்கப் பயின்றான்' என்று வரிசையாக இருக்கும் இனங்களுக்கு எதிரே கையொப்பமும் தேதியும் கொள்ளும் கட்டங்கள் வெற்றாகவே கிடக்கும். 'இறங்கும்போது மொத்தமாகப் போட்டுத் தருகிறேன்' என்ற அதிகாரி இடைத் துறைமுகத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். வேலையை முடித்த வாரத்திலேயே கையொப்பம் வாங்கி, பக்கத்தைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சி.டி.சி.யில் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் கப்பல் தலைவரின் முத்திரையோடு பதிவாகியிருக்கவேண்டும். கடற்சேவைச் சான்றிதழ் கையில் வராமல் ஏணியிறங்காதீர்கள். ஒப்பந்தத்தின் கையொப்பமிட்ட பிரதி மாணவனிடமே இருப்பது அவன் உரிமை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு என்பது, எந்த வகையிலேனும் கப்பலில் வேலை செய்யும் எவருக்கும் உரிய விதி. மாணவன் என்று சொல்லி அதை மறுக்க இயலாது.

சம்பளமும் சோறுமின்றிக் கைவிடப்பட்டால், கப்பலில் ஒட்டியிருக்கவேண்டிய நிதிப் பொறுப்புச் சான்றிதழில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அவர்களுக்கே நேராக எழுதலாம். நாலு மாதச் சம்பளம் வரையிலும், ஊர் திரும்பும் செலவும் அதில் அடங்கும். உடனே மும்பையிலுள்ள தலைமை இயக்ககத்துக்கும் எழுதுங்கள்.

ஊரில் தரகனிடம் ஏமாந்தவர்கள், பணம் இணையவழியில் போயிருந்தால் அந்த மணியிலேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசவேண்டும். காவல் நிலையத்தில் 'எங்கள் எல்லை அல்ல' என்பார்கள்; அலுக்காமல் சொல்வார்கள். எந்த நிலையத்திலும் புகாரைப் பெறவேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு கூறுகிறது; மோசடிக்குரியது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 318ஆம் பிரிவு. இன்னொரு பிரதியைச் சென்னை ராஜாஜி சாலையிலுள்ள மெர்க்கன்டைல் மரைன் துறை அலுவலகத்தில் கொடுங்கள். புகாரில் தரகனின் பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு, பணம் கொடுத்த தேதி, கப்பலின் பெயர், ஐ.எம்.ஓ. எண், பையனின் பாஸ்போர்ட், இன்டோஸ் எண்கள் எல்லாம் வரவேண்டும். அசலை எவரிடமும் கொடாமல் நகலை மட்டும் இணைத்து, தேதியிட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.